கொக்கின் கண் என்ன நிறம்? நீரோரப் பறவைகளை நெருக்கமாகப் படமெடுத்தல்

"கொக்கை வருணித்து ஐந்து வரி எழுதுங்கள்" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். வெள்ளை நிறம் வரும், நீண்ட கால் வரும், ஒற்றைக் காலில் நிற்பது வரும். அதற்குமேல் பேனா நகராது. கொக்கின் கண் என்ன நிறம்? பாதம் என்ன நிறம்? அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் இறகு உண்டா, இல்லையா? "அதையெல்லாம் யாரு கவனிச்சா?" என்றுதான் பதில் வரும்.

கவனிக்க வைக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. நீரோரம் நடந்து இரை தேடும் பறவைகளை நெருக்கமாக, முகம் தெரியும்படி படமெடுப்பதுதான் அது. மனிதர்களை எடுக்கும் முகப்படம் போலவே இதையும் முகப்படம் என்றே சொல்வோம். இது கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. படமெடுக்கப் போகாதவர்களும் இதிலிருந்து பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல முகப்படத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, பறவைதான் முடிவு செய்கிறது. மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

யாரைப் படமெடுக்கப் போகிறோம்?

நீரோரப் பறவைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டம் கொக்கு, நாரை வகை. பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, செந்நாரை ஆகியவற்றை ஆண்டு முழுவதும் நம் ஆற்றோரங்களில் பார்க்கலாம். இவை உருவத்தில் பெரியவை, அசையாமல் நிற்பவை. முகப்படம் பழகுவதற்கு ஏற்றவை இவைதான்.

இரண்டாவது கூட்டம் உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி வகை. பவளக்காலி, பச்சைக்காலி என்ற அழகான தமிழ்ப் பெயர்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. காலின் நிறத்தையே பெயராக்கியிருக்கிறார்கள் பாருங்கள்! இவற்றில் பெரும்பாலானவை வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள். சிங்கப்பூரில் செப்டம்பர் முதல் மார்ச் வரை இவற்றைப் பார்க்கலாம். உருவத்தில் சிறியவை. பவளக்காலி அலகு முதல் வால் வரை சுமார் 28 சென்டிமீட்டர்தான். ஓரிடத்தில் நிற்காது, சட்டென்று பயப்படும்.

எங்கே போவது? சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஒருகாலத்தில் இறால் பண்ணைகளாக இருந்த இடம் அது. 1986இல் பறவை ஆர்வலர்கள் அதன் அருமையைக் கண்டறிந்து, அதைக் காப்பாற்றும்படி அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டார்கள். 1993 டிசம்பரில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமாக உயர்ந்தது. மலேசிய வாசகர்களுக்குக் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவும், பேராக்கின் கோலா குலாவும் இருக்கின்றன.

கிட்டப் போகணுமா, பெரிதாக்கணுமா?

"கிட்டப் போனால்தானே முகம் பெரிசா வரும்?" இதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. பதில்: முகத்தைப் பெரிதாக்குவது லென்ஸின் வேலை, நம் காலின் வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முழு அளவு உணரி உள்ள கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 15 மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையைப் பார்த்தால், சட்டகத்தின் அகலத்தில் சுமார் 90 சென்டிமீட்டர் இடம் அடங்கும். பெரிய கொக்கின் உயரமே ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக, கேமராவைப் படுக்கை வாக்கில் பிடித்தாலே அதன் தலையும் கழுத்தும் தோளும் சட்டகத்தை நிறைத்துவிடும். 15 மீட்டர் என்றால் பள்ளி வகுப்பறை ஒன்றின் நீளத்தைவிட அதிகம். அவ்வளவு தள்ளி இருந்தே முகப்படம் எடுத்துவிடலாம்.

தள்ளி இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. காப்பகத்தில் நாம் மரப்பாலத்தின் மீதோ மறைவுக் குடிலுக்குள்ளோ நிற்கிறோம். நம் கண் தண்ணீருக்கு 3 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பறவை 6 மீட்டரில் இருந்தால் அதை ஏறத்தாழ 27 பாகைச் சாய்வில் மேலிருந்து பார்க்கிறோம். படத்தில் முதுகும் உச்சந்தலையும்தான் தெரியும். அதே பறவை 20 மீட்டரில் இருந்தால் சாய்வு 9 பாகைக்கும் குறைவு. இப்போது அதன் கண்ணுக்கு நேராகப் பார்ப்பது போன்ற உணர்வு வரும். பின்னணியும் தூரத்துத் தண்ணீராகி மென்மையாகக் கரைந்துவிடும்.

கண்ணுக்கு நேரான பார்வைதான் முகப்படத்தின் உயிர். அதற்காகத்தான் சில நாடுகளில் கடற்கரையில் படுத்துக்கொண்டே எடுக்கிறார்கள். சுங்கை பூலோவில் அந்த ஆசை வேண்டாம். அங்கே உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. பாதையைவிட்டு இறங்கவே கூடாது. குடிலில் ஆகக் கீழே இருக்கும் சன்னலைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துகொண்டால் போதும்.

எப்போது போவது?

காத்திருப்புக்கு வள்ளுவர் கொக்கைத்தான் உவமையாக்கினார். காலமறிதல் அதிகாரத்தில் வரும் அந்தக் குறள் உங்களுக்குத் தெரிந்ததுதான். படமெடுப்பவரும் இரண்டு காலங்களை அறிய வேண்டும்.

ஒன்று, கடல்நீர் ஏறும் காலம். நீர் வற்றும்போது கடலோரச் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். பறவைகள் அங்கே பரந்து மேயும். நம் லென்ஸுக்கு எட்டாத தூரம் அது. நீர் ஏற ஏற அந்தச் சேறு மூழ்கும். பறவைகளுக்கு நிற்க இடம் இருக்காது. அப்போது கூட்டங்கூட்டமாகக் காப்பகத்தின் குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். பழைய இறால் குளங்களின் மதகுகளைத் திறந்து மூடி, பறவைகள் நிற்கும் அளவுக்கு நீர்மட்டத்தைக் காப்பகத்தினர் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளங்களைப் பார்த்தபடிதான் குடில்கள் இருக்கின்றன. நாம் பறவையைத் தேடிப் போக வேண்டாம், கடலே அவற்றை நம் பக்கம் அனுப்பிவைக்கும்!

நீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணை இணையத்தில் கிடைக்கும். காலை 9 மணியை ஒட்டி நீர் உச்சத்தை எட்டும் நாளாகப் பார்த்து, இரண்டு மணிநேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள். நாம் முதலில் உட்கார்ந்திருக்க, பறவை பிறகு வந்தால், நாம் அதற்கு ஒரு மரக்கட்டை மாதிரி. பறவை இருக்கும்போது நாம் போனால், நாம் ஓர் ஆபத்து.

இரண்டாவது, வெயில். நம் ஊரில் சூரியன் ஏழு மணிவாக்கில் எழுகிறது. முதல் இரண்டு மணிநேரம் ஒளி சாய்ந்து விழும். கொக்கின் கண்ணில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு விழுவது அப்போதுதான். அந்தப் பொட்டு இல்லாத கண், உயிரில்லாத பொம்மைக் கண் மாதிரி இருக்கும். பத்து மணிக்குமேல் சேற்றிலிருந்து சூடு எழும்பிக் காற்று அலையடிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் மங்கும்.

கண்ணிலிருந்து அலகு வரை

முகப்படத்தில் கண் கூர்மையாக இருந்தே ஆக வேண்டும். இறகு மங்கலாம், வால் மங்கலாம், கண் மங்கக் கூடாது. ஆனால் நீரோரப் பறவைக்கு நீண்ட அலகு இருக்கிறதே! கண்ணில் குவித்தால் அலகு நுனி மங்கிவிடாதா?

மங்கும். மறுபடியும் அதே 600 மில்லிமீட்டர் லென்ஸையே எடுத்துக்கொள்வோம். துளை அளவு எஃப் 6.3 என்று வைத்து, 8 மீட்டரில் இருக்கும் பறவையை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். பெரிய கொக்கின் அலகே அதைவிட நீளம். பறவை நம்மை நேராகப் பார்த்து நின்றால் கண்ணோ அலகு நுனியோ, ஒன்றுதான் கிடைக்கும். அதே பறவை பக்கவாட்டில் திரும்பினால் கண்ணும் அலகும் நம்மிடமிருந்து ஒரே தூரத்துக்கு வந்துவிடும். இரண்டும் கூர்மையாக விழும். 15 மீட்டருக்குத் தள்ளிப்போனால் அந்த ஆழம் 20 சென்டிமீட்டருக்கும் மேல் விரியும். தள்ளி இருப்பது இங்கேயும் கைகொடுக்கிறது.

கொக்கு அசையாமல் நிற்கும்போது ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும். உள்ளான் விறுவிறுவென்று நடந்துகொண்டே இருக்கும். அதற்கு 1/1000 அல்லது அதற்கும் வேகமாக வைக்க வேண்டும். ஒரே படத்தோடு நிறுத்தாமல் நாலைந்து படங்களைத் தொடர்ந்து எடுங்கள். பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அது கண்ணின் குறுக்கே சட்டென்று ஓடும்போது எடுத்த படத்தில் கண் பால்படிந்தாற்போல வெளுத்திருக்கும்.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது?

கொக்கை எடுப்பவர்கள் படும் பெரிய அவஸ்தை இது. கேமராவின் ஒளிமானி, சட்டகத்தில் இருப்பதையெல்லாம் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருஞ்சேற்றின் நடுவே கொக்கு சின்னதாக நின்றால், "இடம் இருட்டா இருக்கே" என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெந்துபோன வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிடும், ஓர் இறகுகூடத் தெரியாது. அதே கொக்கு சட்டகம் முழுவதையும் நிறைத்தால், "ரொம்ப வெளிச்சமா இருக்கே" என்று குறைத்துவிடும். கொக்கு சாம்பல் நிறமாகும்.

ஆகவே எந்தப் பொத்தானை எவ்வளவு திருப்புவது என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சட்டகத்தில் எது அதிகம் என்று பாருங்கள். சேறு அதிகமா? வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளை அதிகமா? கொஞ்சம் கூட்டுங்கள். பெரும்பாலான கேமராக்களில், அளவுக்கு மீறி வெளுத்த பகுதியை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை வசதி இருக்கிறது. கொக்கின் முதுகில் மினுக்கல் நிற்கும்வரை குறைத்தால் இறகின் இழைகள் தெரிய ஆரம்பிக்கும்.

முகம் என்ன சொல்கிறது?

இப்படி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு முகமும் ஒரு வேலைக்கான கருவி என்று தெரியும்.

கொக்கின் மஞ்சள் கண் அலகின் அடிப்பகுதியை ஒட்டித் தாழ்வாக அமைந்திருக்கும். தலையை உயர்த்தி நிற்கும்போதே காலடியில் இருக்கும் மீனைப் பார்க்கத் தோதான அமைப்பு. கண்ணுக்கும் அலகுக்கும் இடையில் இறகில்லாத வெறும் தோல். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்குக்கு அந்தத் தோல் பச்சையாகும், மஞ்சள் அலகு கறுத்துவிடும். கழுத்து மடங்கியிருப்பதற்குக் காரணம் ஆறாவது கழுத்தெலும்பின் தனி அமைப்பு. அந்த மடிப்பு வில்போல் விரிந்துதான் அலகைத் தண்ணீருக்குள் பாய்ச்சுகிறது. சின்னக் கொக்கின் கறுப்புக் கால்களுக்குக் கீழே மஞ்சள் பாதங்களைப் பாருங்கள். அந்தப் பாதத்தால் தண்ணீரைக் கலக்கி இரையை வெளியே கிளப்பும்.

மூக்கனின் முகத்தில் அலகின் அடிவரை சேறு ஒட்டியிருக்கும். முழு அலகையும் சேற்றுக்குள் இறக்கித் துழாவியதன் அடையாளம் அது. அந்த அலகின் நுனியில் தொடு உணர்வு நரம்புகள் நிறைந்திருக்கின்றன. மேலலகின் நுனியை மட்டும் தனியாக உயர்த்தவும் அதனால் முடியும். முழு வாயையும் திறக்காமல் சேற்றுக்குள்ளேயே புழுவைக் கவ்விவிடும். உப்புக்கொத்திக்கோ அலகு குட்டை, கண் பெரிது. அது தொட்டுத் தேடுவதில்லை, பார்த்துத் தேடுகிறது. ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும்.

பறவை "போதும்" என்று சொல்லும்போது

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி நிறுத்துகிறதா? இரை தேடுவதை விட்டுவிட்டு நம்மையே பார்க்கிறதா? பவளக்காலி என்றால், தலையை மேலும் கீழும் வெட்டி வெட்டி அசைக்கிறதா? நாம் நகர்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நடக்கிறதா? இவையெல்லாம் "போதும், அதுக்குமேல வராதே" என்பதற்கான பறவை மொழி. அங்கேயே நின்றுவிட வேண்டும். பறவை மறுபடி குனிந்து மேய ஆரம்பிக்காவிட்டால், நாம்தான் பின்வாங்க வேண்டும்.

"ஒரு தடவை பறந்தா என்ன, திரும்பி வந்து உட்காரப்போகுது" என்று சிலர் நினைக்கலாம். ஒரு பறவையின் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2022 அக்டோபரில், கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு எங்கேயும் இறங்காமல் 11 நாள் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர்! சாப்பாடு கிடையாது, ஓய்வு கிடையாது. புறப்படுவதற்கு முன் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான் எரிபொருள். இந்த இனத்துப் பறவைகள் அப்போது தம் எடையில் பாதியளவுக்குக் கொழுப்பாகவே இருக்கும். சிங்கப்பூரில் கருவி பொருத்திக் கண்காணித்த பவளக்காலிகளில் சில இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிவரை போயிருக்கின்றன.

நம் குளத்தில் நிற்கும் பறவை சும்மா நிற்கவில்லை. அடுத்த பயணத்துக்குச் சேமிக்கிறது. நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கரைகிறது. அதுவும் ஒரு பவளக்காலி கத்தினால் அது மட்டும் பறக்காது, பக்கத்தில் ஓய்வெடுக்கும் மொத்தக் கூட்டமும் எழும்பும். அன்று அந்தக் குடிலுக்கு ஐம்பது பேர் வந்தால்? ஒவ்வொருவரும் "ஒரே ஒரு தடவைதான்" என்று நினைத்தால்?

அதனால்தான் சில செயல்களைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மீனை வீசிக் கொக்கை வரவழைக்காதீர்கள். சிங்கப்பூரில் வனவிலங்குக்கு வேண்டுமென்றே உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. பறவைக் குரலின் பதிவை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டாதீர்கள். கூட்டில் இருக்கும் பறவையின் முகப்படத்துக்கு ஆசைப்படாதீர்கள். தாய் எழுந்துபோனால் வெயிலில் வாடுவது குஞ்சுகள்தான்.

"என்கிட்ட கைத்தொலைபேசி மட்டும்தான் இருக்கே!"

பரவாயில்லை. தொலைபேசியால் 15 மீட்டரிலிருந்து நல்ல முகப்படம் எடுப்பது கடினம்தான். ஆனால் மனிதர்களுக்குப் பழகிப்போன கொக்குகள் நம் குடியிருப்புப் பேட்டைக் கால்வாய்களிலும் பூங்காக் குளங்களிலும் நிற்கின்றன. ஓர் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்து, அது தானாக நெருங்கினால் எடுங்கள். நெருங்காவிட்டால் இருநோக்கியால் பாருங்கள். பார்த்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கண் நிறம், பாத நிறம், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கொத்தியது என்று குறித்தாலும் அது ஒரு முகப்படம்தான்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

ஆசிரியர்களுக்கு: ஒரே பறவையின் இரண்டு படங்களைக் காட்டுங்கள். ஒன்று தூரப்படம், மற்றொன்று முகப்படம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். 'அழகான', 'அழகிய' என்ற சொற்களுக்கு அன்று மட்டும் தடை! இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் படித்தால், வருணனைக்கு வேண்டியது அடைமொழியா விவரமா என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

மாணவர்களுக்குச் சில சொற்கள்:

சதுப்புநிலம் – நீரும் சேறும் கலந்த தாழ்நிலம்
வலசை – பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தல்
அலகு – பறவையின் மூக்கு
இருநோக்கி – தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
மதகு – நீரைத் திறந்து மூடும் வழி

கலந்துரையாடவும் வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கும் சில கேள்விகள்:

1. பறவைகள் ஓய்வெடுக்கும் இடங்களுக்குப் பொதுமக்களை அனுமதிப்பது சரியா? இரு தரப்புக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லுங்கள்.

2. நண்பர் ஒருவர் படத்துக்காகக் கொக்குக்கு மீன் வீசுகிறார். அவர் மனம் நோகாமல் எப்படித் தடுப்பீர்கள்? இரண்டு மூன்று வாக்கியத்தில் பேசிக் காட்டுங்கள்.

3. சமூக ஊடகத்தில் அதிக விருப்பம் பெற்ற ஒரு பறவைப் படத்தைப் பாருங்கள். அந்தப் பறவை அமைதியாக இருந்ததா, அஞ்சி நின்றதா? படத்திலுள்ள எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு மாணவர்கள் தரும் பதில்களில் சிறந்தவற்றை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் பயன்படும்.